பழைய பவர்போட் பந்தயங்களும் அதில் ஓடியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பந்தயப் படம் ஒன்று, ஒரு சுருள் பிலிம், பந்தயப் படகில் வேலை பார்த்த ஒருவர் சொன்ன நினைவு. இவற்றில் ஏதாவது கையில் இருந்து, அதை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் சரிபார்ப்பது, எப்படிக் காப்பாற்றி வைப்பது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. வெற்றிப் பட்டியல்களில் ஓட்டியவர் பெயரும் வேகமும் மட்டும்தான் இருக்கும். புரோபெல்லரைத் தேய்த்து வடிவம் கொடுத்தவர், இரவெல்லாம் எஞ்சின் மாற்றியவர், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே போனவர் ஆகியோர் பெயர்கள் வேறு எங்கோ, பெரும்பாலும் படங்களின் பின்பக்கத்தில், பென்சிலில் இருக்கின்றன.

இந்தப் பந்தயம் எப்போது தொடங்கியது? எந்த ஆண்டிலிருந்து தேடலாம்?

1903-லிருந்து. பத்திரிகை அதிபர் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் கொடுத்த கோப்பைக்காக அந்த ஆண்டு ஜூலையில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஓடினார்கள். படகு 40 அடிக்கு மேல் நீளக் கூடாது. உடலும் எஞ்சினும் போட்டியிடும் நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்த 'நேப்பியர்' படகின் வேகம் மணிக்குச் சுமார் 31 கி.மீ.தான். அமெரிக்க பவர்போட் சங்கமும் அதே 1903-ல் உருவானது. அடுத்த ஆண்டு ஹட்சன் ஆற்றில் முதல் கோல்டு கப் பந்தயம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மோட்டார் படகுப் போட்டியும் இருந்தது. சவுத்தாம்ப்டன் கடற்கழியில் மூன்று பிரிவுகளாக நடத்தினார்கள். காற்றும் அலையும் படுத்திய பாட்டில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரே ஒரு படகுதான் கடைசிவரை ஓடி முடித்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக அது திரும்பவே இல்லை. இன்று சர்வதேச விதிகளை வகுக்கும் யூஐஎம் என்ற அமைப்பு 1922-ல் பெல்ஜியத்தில் தொடங்கியது. அதன் தலைமையகம் இப்போது மொனாக்கோவில்.

கோப்பையில் ஒருவர் பெயர் பொறித்திருந்தால் அவர்தானே ஓட்டியவர்?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். பல கோப்பைகள் படகின் உரிமையாளருக்குப் போனவை. 1903 ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையில் இருப்பது உரிமையாளர் எஸ்.எஃப்.எட்ஜின் பெயர், படகில் இருந்தவர்களோ டோரதி லெவிட்டும் கேம்பல் மியூரும். ஒரு பெண் அந்தப் படகில் இருந்தார் என்பதைக் கோப்பையை மட்டும் பார்ப்பவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

1950-ல் வந்த 'ஸ்லோ-மோ-ஷன் 4' இன்னொரு நல்ல உதாரணம். உரிமையாளர் ஸ்டான் சேயர்ஸ், வடிவமைத்தவர் டெட் ஜோன்ஸ், பட்டறையில் கட்டியவர் ஆங்கர் ஜென்சன். ஜூன் 26 அன்று சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.32 மைல் என்ற உலக சாதனை சேயர்ஸ் பெயரில் பதிவானது. அதே கோடையில் டெட்ராய்டில் கோல்டு கப்பை ஜெயித்தபோது சக்கரத்தைப் பிடித்தவர் டெட் ஜோன்ஸ்; ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைப் பந்தயத்தில் ஓட்டியவர் லூ ஃபேஜல். ஒரே படகு, ஒரே ஆண்டு, வேறு வேறு கைகள். ஆகவே எந்தக் குறிப்பை எழுதினாலும் உரிமையாளர், ஓட்டியவர், வடிவமைத்தவர், கட்டியவர், எஞ்சின் பார்த்தவர், கூடச் சென்ற மெக்கானிக் என்று ஆறு இடங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பினால் அடுத்தவர் அதையே சான்றாக எடுத்தாள்வார்.

ஒரே பெயரில் பலர், பல படகுகள் வருகின்றனவே?

ஆமாம், குழப்பம் சகஜம். 1912-லும் 1913-லும் 'மேப்பிள் லீஃப் 4' படகில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை ஜெயித்த தாமஸ் சாப்வித் தந்தை. 1961-ல் முதல் கவ்ஸ்–டார்க்வே கடல் பந்தயத்தை ஜெயித்த டாமி சாப்வித் மகன். 'புளூபேர்ட்' என்றால் மால்கம் கேம்பலின் கே3, கே4 படகுகளும் உண்டு, அவர் மகன் டொனால்டின் கே7 ஜெட் படகும் உண்டு. 'மிஸ் அமெரிக்கா' வரிசையில் கார் வுட் பத்துப் படகுகள் ஓட்டினார். 1931-ல் அந்த வரிசைக்குக் கோப்பையை வாங்கித் தந்தவரோ அவர் தம்பி ஜார்ஜ். 'மிஸ் பட்வைசர்' என்ற பெயரில் பல தனித்தனிப் படகுகள் வந்துபோயின. பெயரோடு எண்ணையும் ஆண்டையும் சேர்த்து எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தேதி இல்லாத படத்தில் படகை வைத்து ஆண்டைக் கணிக்க முடியுமா?

ஓரளவு துல்லியமாகவே முடியும். படகின் அடிப்பகுதியைப் பாருங்கள். அது தெரியாவிட்டால், படகு தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

நீளமாக, ஒல்லியாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் உருவம் என்றால் பெரும்பாலும் 1900-களின் முதல் பத்தாண்டு. அடிப்பகுதியில் குறுக்காக ஒன்றோ பலவோ படிகள் வெட்டியிருந்தால் 1910 முதல் 1930-களின் நடுப்பகுதி வரை. 'மேப்பிள் லீஃப் 4'-க்கு ஐந்து படிகள். வேகம் கூடும்போது படகு அந்தப் படிகளின் விளிம்பில் ஏறி நிற்கும். படிக்குப் பின்னால் காற்று புகுந்து தண்ணீரோடு உரசும் பரப்பு குறையும்.

முன்பக்கம் இரண்டு புறமும் மிதவை போன்ற துருத்தல்கள் இருந்தால் அது மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன், அதாவது தண்ணீரின் மேலே வழுக்கி ஓடும் படகு. 1930-களின் பிற்பகுதிக்குப் பிந்தியது. 1939-ல் கனிஸ்டன் ஏரியில் மணிக்கு 141.74 மைல் ஓடிய கே4 இந்த வகை. இரண்டு மிதவைகளும் படகின் பின்முனையும் மட்டும் தண்ணீரைத் தொடும். 'ஸ்லோ-மோ-ஷன் 4' இன்னும் ஒரு படி மேலே போய், பின்முனையையும் தூக்கிவிட்டுப் பாதி மூழ்கிய புரோபெல்லரின் மேலேயே ஓடியது. அதனால்தான் படகுக்குப் பின்னால் நீர் பெரிய விசிறியாக மேலே எழும்பும். அமெரிக்க ஏரி ஒன்றின் படத்தில், பின்பக்கம் தண்ணீரைத் தொடாமல் உயரமான நீர் விசிறியோடு பெரிய படகு போனால், 1950-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கடல் பந்தயப் படம் என்றால் அடிப்பகுதி ஆழமான 'வி' வடிவமா என்று பாருங்கள். வடிவமைத்தவர் ரே ஹன்ட். சுமார் 24 பாகைச் சாய்வு, நீளவாக்கில் ஓடும் தூக்கு விளிம்புகள். 1960 மயாமி–நாசோ பந்தயத்தில் டிக் பெர்ட்ரமின் 31 அடி 'மோப்பி', கொந்தளித்த கடலில் சுமார் 8 மணி நேரத்தில் முடித்து வென்ற பிறகுதான் எல்லோரும் அந்த வடிவத்துக்கு மாறினார்கள். இரட்டை உடலும் நடுவே காற்றுச் சுரங்கமும் கொண்ட சிறிய அவுட்போர்டு படகு (எஞ்சினைப் பின்பக்கம் வெளியே மாட்டியது) என்றால் 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகு. இத்தாலியின் ஆஞ்செலோ மொலினாரி அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். 1981-ல் தொடங்கிய ஃபார்முலா 1 பவர்போட் உலகப் போட்டியின் முதல் சாம்பியன் அவர் மகன் ரெனாட்டோ.

ஓட்டுநர் இருக்கையும் சொல்லும். பெரிய ஹைட்ரோபிளேன்களில் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தால் பழைய பாணி. 1977-ல் பில் மன்சியின் புதிய 'அட்லஸ் வான் லைன்ஸ்' வெற்றிகளைக் குவித்ததும் மற்றவர்களும் ஓட்டுநரை முன்னால் கொண்டுவந்தார்கள். தலைக்கு மேல் கண்ணாடி மூடி இருந்தால் 1986-க்குப் பிறகு.

படத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் எதைக் குறிக்கின்றன?

பெரிய ஹைட்ரோபிளேன்கள் ஓடும் அமெரிக்க அன்லிமிடெட் பிரிவில் 'யு' என்ற எழுத்தோடு எண் வரும்; 'ஸ்லோ-மோ-ஷன் 4'-ன் எண் யு-27. யு-1 பொதுவாக முந்தைய ஆண்டின் சாம்பியனுக்கு. ஆகவே யு-1 மட்டும் வைத்துப் படகை அடையாளம் சொல்லாதீர்கள். அது ஆண்டுக்கு ஆண்டு கைமாறும்.

எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைப் புரட்டிப்போட்டு அச்செடுத்திருக்கிறார்கள். எழுத்து தெரியாத படத்திலும் இதைப் பிடிக்கலாம். அமெரிக்க ஹைட்ரோபிளேன்கள் இடப்பக்கமாகவே திரும்பும். திருப்பத்தில் வழுக்காமல் பிடிக்கும் செங்குத்துத் தகடு இடது மிதவையில்தான் இருக்கும். தகடு வலதில் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எந்த எஞ்சின்கள் ஓடின? எது கெட்டுப்போகும்?

பெரிய படகுகளின் வரலாறு விமான எஞ்சின்களின் வரலாறுதான். 1932-ல் கார் வுட்டின் 'மிஸ் அமெரிக்கா 10' நான்கு பேக்கார்டு எஞ்சின்களோடு, மொத்தம் சுமார் 6,400 குதிரைத்திறனில், மணிக்கு 124.86 மைல் ஓடியது. அதாவது 200 கி.மீ.க்கு சற்று மேலே. மறு ஆண்டு ஹியூபர்ட் ஸ்காட்-பெயின் அதற்கு எதிராக 'மிஸ் பிரிட்டன் 3' என்ற உலோகப் படகை ஒரே ஒரு நேப்பியர் லயன் எஞ்சினோடு கொண்டுவந்தார். தோற்றார், ஆனால் எடை குறைந்த படகு எவ்வளவு தூரம் பிடித்து நிற்கும் என்பதை அந்த ஓட்டம் காட்டியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அலிசன், ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின்கள் உபரியாகக் கிடைத்தன. இரண்டும் வி-12, அலிசன் 28 லிட்டர், மெர்லின் 27 லிட்டர். விமானத்தில் புரோபெல்லர் எப்போதும் காற்றில் சீரான சுமையோடு சுழலும். படகிலோ அது தண்ணீரிலிருந்து கணநேரம் வெளியே வந்தாலே சுமை அறுந்து எஞ்சின் சீறும். மறுபடி தண்ணீரைக் கடிக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் கியர்பாக்ஸில் இறங்கும். கனெக்டிங் ராடு உடைந்து எஞ்சின் உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த சம்பவங்கள் அதனால்தான் அவ்வளவு அதிகம். ஒரு பந்தய வாரத்தில் இரண்டு மூன்று எஞ்சின் மாற்றுவது அந்தக் காலத்துக் குழுக்களுக்கு வழக்கமான வேலை. 1980-களில் சினூக் ஹெலிகாப்டரின் லைகமிங் டி-55 டர்பைன் வந்த பிறகு அந்த இடி முழக்கம் மறைந்து விசில் போன்ற ஓசை வந்தது. ஒலிப்பதிவு மட்டும் கையில் இருந்தால் காலத்தைப் பிரிக்க இதுவே போதும்.

ஃபார்முலா 1 பிரிவில் நெடுங்காலம் ஓடியது மெர்க்குரியின் 2.5 லிட்டர், இரண்டு ஸ்ட்ரோக், வி-6 அவுட்போர்டு. சுமார் 400 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேலே.

கூடச் சென்ற மெக்கானிக் என்ன செய்தார்? கடல் பந்தயத்தில் த்ராட்டில் பிடிப்பவர் யார்?

1930-கள் வரை பெரிய படகுகளில் ஓட்டுநர் திசையை மட்டும்தான் பார்க்க முடியும். எண்ணெய் அழுத்தம், தண்ணீர் வெப்பம், எரிபொருள் அழுத்தம், பின்னால் வருபவர் எங்கே என்பதெல்லாம் மெக்கானிக்கின் பொறுப்பு. எஞ்சின் இரைச்சலில் பேச முடியாது. தோளைத் தட்டுவதும் கை சைகையும்தான் மொழி. கார் வுட்டின் பக்கத்தில் பல ஆண்டுகள் அப்படி உட்கார்ந்தவர் ஆர்லின் ஜான்சன். ஹென்றி செக்ரேவ் 1930 ஜூன் 13 அன்று விண்டர்மியர் ஏரியில் 'மிஸ் இங்கிலாந்து 2' படகில் மணிக்கு 98.76 மைல் சாதனை படைத்துவிட்டு, அடுத்த ஓட்டத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். அதே படகில் ரோல்ஸ்-ராய்ஸ் பொறியாளர் விக்டர் ஹாலிவெல் இறந்தார். மெக்கானிக் வில்காக்ஸ் பிழைத்தார். செக்ரேவ் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஹாலிவெல் பெயர் தெரியும்? நினைவுகளைத் திரட்டுகிறவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் இது.

கடல் பந்தயத்தில் வேலையை மூன்றாகப் பிரித்தார்கள்: திசை பிடிப்பவர், த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பிடிப்பவர், வழி பார்ப்பவர். மூவரில் கடினமானது த்ராட்டில். அலையின் முகட்டை விட்டுப் படகு காற்றில் எழும் அந்தக் கணத்தில் த்ராட்டிலைப் பின்னே இழுக்க வேண்டும். புரோபெல்லர் தண்ணீரைத் தொட்டு அது கடிக்க ஆரம்பித்த பிறகு படிப்படியாகத் திறக்க வேண்டும். இழுக்கத் தாமதித்தால் எஞ்சின் எல்லை மீறிச் சுழன்று வால்வும் ராடும் போகும். சீக்கிரம் திறந்துவிட்டால் சுழலும் புரோபெல்லர் தண்ணீரில் மோதி டிரைவ் ஷாஃப்ட் முறியும், கியர் பல் உதிரும். திறக்கத் தாமதித்தால் படகு விசையில்லாமல் விழுந்து மூக்கை அடுத்த அலைக்குள் குத்தும்; பந்தயத்தில் அது எஞ்சின் போவதைவிட ஆபத்து. இது ஒரு நிமிடத்தில் பலமுறை, மணிக்கணக்காக. த்ராட்டில் பிடித்தவர்களிடம் பேசும்போது வலது தோள், மணிக்கட்டு, இடுப்பு பற்றிக் கேளுங்கள். அந்த வேலையின் வரலாறு அங்கே எழுதியிருக்கும்.

பெண்கள் ஓட்டினார்களா?

ஓட்டினார்கள், ஜெயித்தார்கள். லெவிட்டைச் சொல்லியாயிற்று. மேரியன் 'ஜோ' கார்ஸ்டேர்ஸ் 1926-ல் டியூக் ஆஃப் யார்க் கோப்பையை வென்றார். 1928 முதல் 1930 வரை ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்காக 'எஸ்டெல்' படகுகளோடு டெட்ராய்டுக்குப் போனார். அமெரிக்காவின் பெட்டி குக் 1977-லும் 1979-லும் கடல் பந்தய உலக சாம்பியன்.

பந்தயம் எப்படித் தொடங்கும்? ஏன் இத்தனை தகராறு?

ஹைட்ரோபிளேன்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. ஓடிக்கொண்டே வந்து, கரையில் உள்ள பெரிய கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் தண்டனை. 1931-ல் டெட்ராய்டில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்கான முதல் ஓட்டத்தை இங்கிலாந்தின் கே டான் ஜெயித்தார். இரண்டாவது ஓட்டத்தில் கார் வுட் நேரத்துக்கு முன்பே கோட்டைத் தாண்ட, கே டானும் அவர் பின்னாலேயே தாண்டினார். இருவரும் தகுதி இழந்தார்கள். கே டானின் படகு திருப்பத்தில் கவிழ்ந்தது. பொறுமையாக ஓடி முடித்த ஜார்ஜ் வுட்டிடம் கோப்பை போனது. கார் வுட் வேண்டுமென்றே அவரை முன்கூட்டி இழுத்துவிட்டார் என்று ஒரு பக்கமும், கே டான் தன் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று மறுபக்கமும் வாதாடினார்கள். கே டான் எதிராளியைப் பார்த்து ஓட்டினார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பறக்கும் தொடக்கத்தில் தோற்பதற்கு அதுவே போதும்.

ஃபார்முலா 1 படகுகள் மிதக்கும் மேடையில் வரிசையாக, எஞ்சின் அணைந்த நிலையில் நிற்கும். குழுவினர் பின்னாலிருந்து பிடித்திருப்பார்கள். சிவப்பு விளக்கு அணைந்ததும் எஞ்சினைக் கிளப்பிப் பாய வேண்டும். திருப்பத்தைக் காட்டும் முதல் அடையாள மிதவை வரை யார் முந்துகிறாரோ அவருக்குக் கலங்காத தண்ணீர். மற்றவர்களுக்கு நீர்த்தூவலும் அலையும்.

'எங்கள் மாமா படகு 150-ல் போகும்' என்கிறார்கள். நம்பலாமா?

மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அலகு? ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ.; ஒரு மைல் 1.609 கி.மீ. அடுத்து, நேர்கோட்டு உச்சமா, ஒரு சுற்றின் சராசரியா? திருப்பங்கள் சேர்ந்த சராசரி எப்போதும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். மூன்றாவது, ஒரு திசையிலா, இரு திசையிலுமா?

கடைசிக் கேள்வி முக்கியம். உலக சாதனைக்கு அளந்த தூரத்தை எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை, குறித்த நேரத்துக்குள் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும். ஜான் காப் 1952 செப்டம்பர் 29 அன்று நெஸ் ஏரியில் 'க்ரூசேடர்' ஜெட் படகில் ஒரு திசையில் மணிக்கு 206.89 மைல் ஓடினார். படகு சிதறி இறந்தார். திரும்பும் ஓட்டம் இல்லாததால் சாதனைப் பட்டியலில் அது இல்லை. மூன்று ஆண்டு கழித்து டொனால்டு கேம்பல் ஓடிய 202.32 மைல்தான் பட்டியலில் இருக்கிறது. காப் 200-ஐத் தாண்டினார் என்று சொல்பவரும் சரி, சாதனை கேம்பலுடையது என்பவரும் சரி.

சாதாரணப் படகின் வேகத்தைப் புரோபெல்லரை வைத்துச் சோதிக்கலாம். எஞ்சின் சுற்று, கியர் விகிதம், புரோபெல்லரின் பிட்ச் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். பிட்ச் என்பது புரோபெல்லர் ஒரு சுற்றில் நழுவாமல் முன்னேறும் தூரம்; பெரும்பாலும் புரோபெல்லரின் நடுக்குடத்தில் அங்குலத்தில் பொறித்திருக்கும். எஞ்சின் 6,000 சுற்று, கியர் 2-க்கு 1 என்றால் புரோபெல்லர் 3,000 சுற்று. பிட்ச் 24 அங்குலம், அதாவது 0.61 மீட்டர். 0.61 × 3,000 × 60 என்றால் மணிக்குச் சுமார் 110 கி.மீ. தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் நழுவும். ஆக 93 முதல் 99 கி.மீ. அந்தப் படகு 150 கி.மீ. போனது என்று யாராவது சொன்னால், புரோபெல்லரோ கியரோ வேறாக இருந்திருக்க வேண்டும். அதையே அடுத்த கேள்வியாகக் கேளுங்கள். பலருக்கு அந்த இடத்தில்தான் நினைவு திறக்கும்.

படகு ஏன் பின்னால் புரண்டு கவிழ்கிறது? பாதுகாப்பு எப்படி வளர்ந்தது?

வேகம் கூடக்கூட, படகுக்குக் கீழே புகும் காற்று அதைத் தூக்கும். ஓரளவுக்கு அந்தத் தூக்கல்தான் வேகத்தையே தருகிறது. மூக்கு ஒரு எல்லைக்கு மேல் நிமிர்ந்துவிட்டால் அடிப்பகுதி முழுவதும் காற்றுக்கு முகம் கொடுக்கும். பிறகு எந்தக் கையாலும் இறக்க முடியாது. ஒரு அலை, ஒரு எதிர்க்காற்று வீச்சு, முந்தைய படகின் கலங்கல் போதும். டொனால்டு கேம்பல் 1967 ஜனவரி 4 அன்று கனிஸ்டனில் முதல் ஓட்டத்தை மணிக்கு 297 மைலுக்கு மேல் முடித்தார். எரிபொருள் நிரப்பிக்கொள்ளாமல், தண்ணீர் அடங்கும் வரை காத்திராமல் உடனே திரும்பினார். கே7 எழும்பிப் புரண்டது. உடைந்த படகை 2001-ல்தான் மேலே எடுத்தார்கள்.

முன்பெல்லாம் ஓட்டுநரைக் கட்டிவைப்பதில்லை. கவிழ்ந்தால் வெளியே எறியப்படுவது நல்லது என்ற எண்ணம். அந்த வேகத்தில் தண்ணீர் கல்லைவிட இளகியதல்ல. 1966 ஜூன் 19 அன்று வாஷிங்டனின் பொட்டோமக் ஆற்றில் ஒரே நாளில் ரான் மஸன், ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன் மூவரும் இறந்தார்கள். 1981-ல் பில் மன்சி அகபுல்கோவில், மறு ஆண்டு டீன் செனோவெத் கொலம்பியா ஆற்றில் இறந்தார்கள். அதன் பிறகு 1986-ல் 'மிஸ் பட்வைசர்' எஃப்-16 போர் விமானத்தின் மூடியைப் பொருத்தி ஓடியது. மூடி, பட்டை, ஆக்சிஜன், படகு தலைகீழாகக் கிடந்தாலும் வெளியேற அடியில் ஒரு கதவு என்று எல்லாம் சேர்ந்து வந்தன. அவுட்போர்டு பிரிவில் 1984-ன் மரணங்களுக்குப் பிறகு கிறிஸ் ஹாட்ஜஸ் உருவாக்கிய வலுவான பாதுகாப்புக் கூடு, படகு சிதறினாலும் ஓட்டுநர் இருக்கும் பகுதி முழுசாக இருக்கும்படி செய்தது. கடல் பந்தயத்தில் 1990 அக்டோபர் 3 அன்று மொனாக்கோ அருகே ஸ்டெஃபானோ கசிராகி இறந்த பிறகு மூடிய இருக்கை கட்டாயமானது.

விபத்தைப் பற்றி எழுதும்போது காரணத்தை விளக்குங்கள். உடல் பற்றிய விவரங்களை விடுங்கள். இறந்தவரின் குடும்பத்தாரும் அதைப் படிப்பார்கள்.

பந்தயத்தில் இருந்தவரிடம் எப்படிப் பேட்டி எடுப்பது?

எஞ்சினோடு வாழ்ந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கும், அதுவும் உயர்ந்த சுருதி ஓசைகள் கேட்காது. மின்விசிறியை நிறுத்துங்கள், முகம் பார்த்து உட்காருங்கள், கத்தாமல் மெதுவாகப் பேசுங்கள். ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம். இரண்டு கருவிகளில் பதியுங்கள்; 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். பதிவை எங்கே வைக்கப்போகிறீர்கள், யார் கேட்கலாம் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால், பலமுறை சொன்ன கதையே வரும். வேலையைக் கேளுங்கள். காலையில் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் எதை முதலில் பார்ப்பீர்கள்? எந்த ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்கும்? ஸ்பார்க் பிளக்கின் நிறம் எப்படி இருந்தால் கலவை சரி? புரோபெல்லரை யார் தேய்ப்பார், எந்த விளிம்பில்? எஞ்சினை மாற்ற எத்தனை பேர், எவ்வளவு நேரம்? ஒரு படத்தையோ பழைய பாகத்தையோ கையில் கொடுங்கள். பாகத்தைக் கையில் வாங்கியதும் விரல்கள் அதைத் திருப்பும் விதத்திலேயே அவர் செய்த வேலை தெரியும். அதை வீடியோவில் பிடியுங்கள்.

ஆண்டு தவறாகச் சொன்னால் இடைமறிக்காதீர்கள். பேட்டி முடிந்த பிறகு அச்சான முடிவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, பதிவைத் திருத்தாமல், பக்கத்தில் தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

படங்களையும் பிலிமையும் எப்படிக் காப்பது?

அச்சுப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். 6×4 அங்குலப் படத்துக்கு 3,600×2,400 புள்ளிகள் கிடைக்கும். 35 மி.மீ. நெகட்டிவ் என்றால் 4,000 டிபிஐ. தூரத்துப் படகின் எண் அப்போதுதான் படிக்கக் கிடைக்கும். மூலத்தை டிஃப் கோப்பாக வையுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பெயர்கள் அங்கேதான். எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில் மட்டும். பசை நாடா, ரப்பர் பேண்ட் வேண்டாம்.

பிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நாற்றம் வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில். சுருங்கிய பிலிமைப் பழைய புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள். பல் துளைகள் கிழியும். நேராக ஸ்கேன் செய்பவரிடம் கொடுங்கள். 1950-களுக்கு முந்திய 35 மி.மீ. பிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம். அது தீப்பற்றினால் அணைக்க முடியாது. வீட்டில் வைக்காமல் ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள்.

கோடாக் பிலிமின் ஓரத்தில் சிறிய வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பும். 1937-ஆ 1957-ஆ என்பதைப் படகின் வடிவம் தீர்த்துவைக்கும்.

பழைய பிலிமில் படகுகள் நம்பமுடியாத வேகத்தில் போகின்றனவே?

நொடிக்கு 16 படம் வீதம் எடுத்ததை 24 வீதம் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரியும். கரையில் நடப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் இயல்பாக நடக்கும் வரை வேகத்தைக் குறையுங்கள்.

அந்தப் படகுகளை நேரில் பார்க்க முடியுமா?

சில நிலைத்திருக்கின்றன. கென் வார்பி சிட்னியில் வீட்டுக் கொல்லையில் கட்டிய 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா', 1978 அக்டோபர் 8 அன்று பிளவரிங் அணையில் மணிக்கு 317.6 மைல், அதாவது 511 கி.மீ. ஓடியது, இப்போது சிட்னியின் ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கே7, 2024 முதல் கனிஸ்டனில் ரஸ்கின் அருங்காட்சியகத்தில். 'ஸ்லோ-மோ-ஷன் 4' சியாட்டிலின் மோஹாய் அருங்காட்சியகத்தில். ஹைட்ரோபிளேன்களுக்கென்றே வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் நகரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. பல படகுகளை ஓடும் நிலைக்குச் சீர்செய்திருக்கிறார்கள்.

போனால் பளபளக்கும் வண்ணத்தில் மயங்காதீர்கள். அது பெரும்பாலும் பின்னால் பூசியது. அனுமதித்தால் குனிந்து அடிப்பகுதியையும், மிதவையின் உள்விளிம்பையும், புரோபெல்லர் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தையும் படமெடுங்கள். ஒட்டுப் போட்ட இடம், மாற்றிய திருகு, கூடுதலாக வைத்த தகடு எல்லாம் அங்கேதான். எந்தத் தகடு எந்தப் பந்தயத்துக்குப் பிறகு வந்தது என்று காவலரிடமோ சீர்செய்தவரிடமோ கேட்டு, படத்தின் எண்ணோடு சேர்த்து அப்போதே எழுதி வையுங்கள்.